மில்வுட்ஸ், இரவு ஒரு மணி

லண்டன் திறக்க இன்னும் பதினொரு நிமிடம்.
எட்மன்டனில் மைனஸ் இருபத்தெட்டு.
பவுண்ட் ஏறுகிறது,
ஆனால் அடியில் வால்யூம் கம்பிகள்
புல்முனை உயரம்கூட இல்லை.
'ஆளில்லாச் சந்தையில் கூவுகிறவனை நம்பாதே'
மஞ்சள் தாளில் எழுதித் திரையோரம் ஒட்டியிருக்கிறேன்,
நவம்பரில்
குளிர்கால டயருக்கு வைத்த காசைத்
தொலைத்த மறுநாள்.

ஒரு மணி.
கம்பிகள் எழும்புகின்றன, பச்சை, பச்சை, சிவப்பு, பச்சை,
பெரிய கதவொன்றைப் பலபேர் சேர்ந்து தள்ளியது மாதிரி.
வாங்கினேன், சின்னதாய்.
பதினேழு டாலர் அறுபது சதம்.
போதும். மூடிவிட்டேன்.

ஆறரைக்கு
பனி வழிக்கும் வண்டியை விட்டுவிட்டு
சயந்தன் வருகிறான்.
பூட்ஸைக் கழற்றாமலே,
"வீட்டை வித்துப்போட்டு
விக்டோரியாப் பக்கம் போவமோ" என்கிறான்,
சுவருக்குச் சொல்வதுபோல.
கால்மிதியில் பனி உருகிக் கறுப்பாய்ப் பரவுகிறது.

குரலில் கனமில்லை. நேரமும் சரியில்லை.
இந்த வேளையில் எதிலும் இறங்கக் கூடாது.
தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.
படுத்தெழும்பி மத்தியானம் கேட்கட்டும், பார்க்கலாம்.

மத்தியானம் அவன் கேட்பதில்லை.
நேற்றும் ஆறரைக்குத்தான் கேட்டான்.
முந்தாநாளும்.
அதே தாழ்ந்த குரல், அதே விலை.

மஞ்சள் தாளைத் திருப்பிப் பார்க்கிறேன்.
பின்பக்கம் வெறுமை.