நாலாவது நெடுவரிசை

மார்புர்க்கில் படிக்கட்டுகளுக்குப் பஞ்சமில்லை.
ஆற்றோரத்திலிருந்து ஏறி, மூச்சு வாங்கி,
மேசைக்கு வந்து திரையைத் திறந்தால்
நேற்று விட்ட இடத்திலேயே நிற்கின்றன ஆடுகள்.

களிமண் பலகையின் புகைப்படம். ஹிட்டைட்டு மொழி.
எழுதியவன் எண்ணை ஆப்பு ஆப்பாகக் குத்திவிட்டு
பக்கத்தில் 'ஆடு' என்கிறான்.
அடுத்த வரியில் என்ன தோன்றியதோ
பன்மைக்குறி ஒன்றை ஒட்டிவைக்கிறான்.
எனக்குச் சம்பளம் இதற்குத்தான்:
எண்ணை அடுத்து வரும் சொல்
ஒருமையா, பன்மையா?
நாலாவது நெடுவரிசையில் 'ஒ' அல்லது 'ப'.

"எண்ணே சொல்லிவிட்டதே,
சொல் எதற்கு இன்னொரு முறை சொல்ல?" என்றேன்.
"நாங்கள் பத்து மாடு வாங்குவோம்.
பத்து மாடுகள் வாங்குகிறவன் மேடைப் பேச்சாளன்."
காட்ரின் வெண்ட்லாண்ட் சிரித்தாள்.
அவர்களுக்கும் மூன்று பீர் மூன்று பீர்தானாம்.
"மூன்று பெண்கள் என்றால்?"
"அது வேறு."
"எங்களுக்கும் அது வேறு."

மதியத்துக்கு மேல், பலகையின் பின்பக்கம்.
எருது இத்தனை. ஆடு இத்தனை.
அதே பட்டியலில், அதே ஆப்பில்,
போரில் பிடித்து ஓட்டிவந்த ஆட்கள்
முப்பத்து நாலு. எண் பளிச்சென்று இருக்கிறது.
சொல்லின் வால் இருக்க வேண்டிய இடத்தில்
கட்டைவிரல் அகலத்துக்கு
மண் பெயர்ந்திருக்கிறது.

'ப' என்று அடித்தேன்.
அழித்தேன்.
திரும்ப அடித்தேன்.
"கேள்விக்குறி போடு, வாசுகி" என்றாள் காட்ரின்,
தலையைத் திருப்பாமலே.
நியாயம்தான். இல்லாததை வாசிக்கக் கூடாது.

தமிழில் ஆளை எண்ணத் தனிச்சொல் இருக்கிறது: பேர்.
முப்பத்து நாலு பேர்.
கள் வேண்டாம் அதற்கு.
எண்ணும்போதே
ஆளுக்கொரு பேர் இருந்தது என்பதும்
சொல்லாமல் சேர்ந்துகொள்ளும்.
முகாம் பதிவேட்டில் மட்டும் எங்களை
'தலை 5' என்று எழுதியிருந்தார்கள்.
ஐந்தாவது தலை நான்தான்,
காய்ச்சலோடு அம்மாவின் தோளில்.

கேள்விக்குறி போட்டுவிட்டுக் கிளம்பினேன்.
கீழே ரொட்டிக்கடையை மூடப்போகிறார்கள்.
ஓடிப்போய் நாலு விரலைக் காட்டி
ப்ரோட்ஷன் என்றேன்.
ஒன்றானாலும் நாலானாலும்
வால் மாறாத சொல் அது,
பிழைவிட வழியில்லை.
இந்த ஊரில் நான் கற்ற முதல் சொல்.
கடைக்காரி ஐந்தாகப் போட்டாள்.
கடைசி ஒன்று, கருகியது, காசில்லை.