பதினைந்தாம் நிலை

ஜுபைல். மூன்றாம் கிடங்கின் மாடிப்படிக்கு அடியில்
இரும்பு அலமாரி, உள்ளே நாற்பத்தெட்டுத் துளை ஸ்விட்ச்.
வெளியே நாற்பத்தேழு டிகிரி.
இதற்குத் தனி ஏசி.

ஞாயிற்றுக்கிழமை தணிக்கை.
வேலையில் இல்லாதவன் பெயர் ஒன்றுகூட
இருக்கக் கூடாதென்று ரியாத்திலிருந்து மெயில்.
நீல கேபிளைச் செருகிப் பட்டியலைக் கேட்டேன்.

அட்மின்: ஆளே கிடையாது, கடவுச்சொல் மட்டும் ஊருக்கே தெரியும்.
ரொடெல்: தம்மாமில் வேறு கம்பெனி,
போன வாரம் ஷவர்மா கடையில் பார்த்தேன், இளைத்திருந்தான்.
டெம்ப்: தற்காலிகம், ஆறு வருடமாக.
அப்புறம்
சூசைமிக்கேல், நிலை பதினைந்து.

அவர் இக்காமாவில் தொழில்: சுமை ஏற்றி இறக்குபவர்.
அந்த விசாதான் அன்றைக்குக் கிடைத்தது.
வங்கிக் கவுன்டரில் சுமைகாரர்,
மனைவியைக் கூப்பிட மனுப் போட்டபோதும் சுமைகாரர்,
இந்தப் பெட்டிக்குள் பதினைந்து.
அதற்கு மேல் நிலையே கிடையாது.

மார்ச்சில் எக்ஸிட் அடித்தார்கள்.
சிம், சாவிக்கொத்து, மெஸ் பாக்கி,
ஹெல்மெட்டைக்கூட எண்ணி வாங்கினார்கள்.
இதை ஒருவரும் கேட்கவில்லை.

பெயருக்கு முன்னால் 'நோ' என்று
இரண்டெழுத்து சேர்த்தால் போதும்.
ரொடெல் போனான். டெம்ப் போனது.
சூசைமிக்கேல் என்று அடித்ததும்
இப்பெயரோடு சேர்ந்த யாவும் நீங்கும், தொடரவா என்றது.
எல்லோரிடமும் கேட்பதுதான்.
இந்த முறை வாசித்தேன்.
எண்டர்.

சுத்தமான பட்டியலைப் படமெடுத்து அனுப்பிவிட்டு
சேமிக்கும் கட்டளையை மறந்துபோனேன்.
மறந்துபோனேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை மதியம் புழுதிக் காற்று,
கரன்ட் போய் ஜெனரேட்டர் முக்கி முனகி எழுவதற்குள்
ஸ்விட்ச் அணைந்து, விழித்து,
தனக்குத் தெரிந்த பழைய கதையைப்
படித்துக்கொண்டது.

ஞாயிறு காலை தணிக்கைக்கு வந்த எகிப்துக்காரர்
திரையில் விரல் வைத்தார்.
யார் இது?
இக்காமாவில் உள்ளதைச் சொன்னேன்.
சுமை தூக்குகிறவனுக்கா பதினைந்து, என்று சிரித்தவர்
என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவர் முன்னாலேயே அழித்தேன். சேமித்தேன்.
மூன்று பெயரும் போயிற்று.
டிக் போட்டார், டீ குடித்தார், கிளம்பினார்.

இருபத்துமூன்றாம் துளையின் குறிப்பில் இன்னும் இருக்கிறது
ஆங்கில எழுத்தில் தமிழ்:
'கேட் கேமரா. புடுங்காத. சூ.மி.'
குறிப்புகள் தணிக்கையில் வராது.
நானும் புடுங்கவில்லை.