வினாடிக் கணக்கு

டாக்டர் கேட்டதற்காகப் போட்ட நோட்டு.
தேதி, மணி, எத்தனை வினாடி,
எந்தப் பக்கம் இழுத்தது, பிறகு தூங்கினானா.
வெள்ளகோவில் கடைவீதியில் வாங்கியது,
பின்னட்டையில் வாய்ப்பாடு.

சர்வேஷுக்குப் பதிமூன்று வயது.
என் தோளுக்கு வந்துவிட்டான், நிற்க வைத்தால்.
நிற்க வைக்க இரண்டு பேர் வேண்டும்.
அவன் அப்பாவுக்கு எண்ணெய் மில்லில் இரவு ஷிப்டு,
பகலில் அவரும் தூங்க வேண்டுமில்லையா.
பெரும்பாலும் படுத்தேதான் வளர்கிறான்.

சுவருக்கு அக்கட்ட பத்துத் தறி.
கரண்டு போனால்தான்
நாங்கள் வீட்டில் இருப்பது எங்களுக்கே கேட்கும்:
அவன் மூச்சு, ரசம் கொதிப்பது,
என் பேனா.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வை,
வாயில் எதையும் திணிக்காதே, எண்ணு என்றார்கள்.
எண்ணுகிறேன்.
ஒண்ணு, ரெண்டு, மூணு, கண்ணு, சாமி, நாலு, அஞ்சு
பதினாறில் கட்டைவிரல் உள்ளே மடங்கும்.
முப்பதில் உதடு நீலம் தட்டும்.

வெளியே சொல்லக் கூடாது இதை:
இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவில்
எனக்குள் ஒருத்தி வரி தேடுகிறாள்.
அவன் தலைக்கடியில் இருப்பது என் கை.
ஜன்னல் வழியே கொப்பரைக் களத்தைப் பார்ப்பதும் நான்தான்.
களமெல்லாம் தேங்காய் மூடி,
வாய் திறந்து, ஒன்றும் கேட்காமல்.

நாற்பத்து மூன்றில் விட்டது.
பிற்பகல் 2.40. 43 வினாடி. இடது பக்கம்.
அதற்குக் கீழேயே அந்த வரியையும் எழுதினேன்.
வேறு நோட்டு எடுக்க எழுந்தால் போய்விடும்.

கோயம்புத்தூரில் டாக்டர்
விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தவர்
அங்கே நின்றார்.
"இது என்னம்மா, தேங்காய்?"
"தப்பா எழுதிட்டனுங்."
சிரித்துவிட்டு மருந்தைக் கால் மில்லி கூட்டினார்.

திரும்பி வரும் பஸ்ஸில்
தலை என் மடியில், கால் பக்கத்து சீட்டு அம்மா மேல்.
"இருக்கட்டுங் அம்மிணி, பையன் தூங்கட்டும்" என்று
அவன் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.
பல்லடம் தாண்டி, சுற்றாமல் நின்ற காற்றாலைகளுக்குப் பக்கத்தில்
எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை.
தப்பு அந்த வரியில் இல்லை.
கணக்கில்தான் தப்பு.
கண்ணு, சாமி என்று கூப்பிட்ட வினாடிகளை
நான் ஒருநாளும் எண்ணியதில்லை.

இப்போது பதினோரு நாளாக வலிப்பு இல்லை.
தேதி, ஒரு கோடு. தேதி, ஒரு கோடு.
வரியும் இல்லை.
"இப்பத்தான் மூஞ்சில வெசனமில்லீங்க்கா" என்கிறாள்
எதிர்வீட்டு பூவாத்தாள்.
ஆமாம் என்கிறேன். உண்மையும் அதுதான்.

பொழுதோட தறி ஓயும் நேரத்தில்
பேனாவைத் திறந்து வைத்து உட்காருகிறேன்.
வராவிட்டால் போகட்டும்,
அந்த விலைக்கு வேண்டவே வேண்டாம் என்று
எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்,
மூடியைப் போடாமல்.