கூடைக் கணக்கு

குவாங் பின் மாகாணம், அறுபத்தெட்டு, மழைக்கு முன்.
சாலைப் படையின் நான்காம் பிரிவில்
எனக்குக் கணக்கெழுதும் வேலை.
பகலில் அவர்கள் தோண்டுவார்கள், வானத்திலிருந்து.
இரவில் நாங்கள் தூர்ப்போம்.
எட்டுப் பள்ளம். ஆயிரத்து நூறு கூடை.
சாலை திறந்தது ஒன்றே முக்கால் மணிக்கு.
கடந்த லாரி அறுபத்திரண்டு.
பென்சில்தான். மை மழையில் கரைந்துவிடும்.

படை என்கிறேனே தவிர
இருபது வயதைத் தாண்டியவள்
சமைக்கிற தொவா ஒருத்திதான்.
துப்பாக்கி பன்னிரண்டு பேருக்கு ஒன்று.
மண்வெட்டி ஆளுக்கொன்று,
காம்பில் பெயரைச் செதுக்கிக்கொள்ளலாம்.

பெரிய குண்டுக்குப் பயந்ததில்லை.
அது வீட்டளவு பள்ளம் போடும்,
பள்ளம் என்றால் எங்களுக்கு வேலை, அவ்வளவுதான்.
சின்னதுதான்.
தாய்க்குண்டு நடுவானில் வயிறு பிளந்து
மலைச்சரிவெல்லாம் கொட்டிவிட்டுப் போகும் சின்னதுகள்.
ஒன்றுக்கு அன்னாசி என்று பெயர் வைத்தோம்,
இன்னொன்றுக்குக் கொய்யா.
மரவள்ளி கலந்த சோறும் உப்பும் தின்று
ஏழு மாதமாய்ப் பழமே காணாதவர்கள்
வேறென்ன பெயர் வைப்போம்?
வெடிக்காத ஒன்றைப் பிரித்துக் காட்டினான் ஸியெம்.
ஓட்டுக்குள் பதித்த இரும்பு மணிகள்,
குன்றிமணியிலும் சிறியவை.
சைக்கிள் சக்கரத்துக்குப் பொருந்தும் என்றான்.
பொருந்தியது.

பெயர் வைக்கும் போட்டியில் மன் சேரவில்லை.
அவள் பெயரே ஒரு பழம்,
வடக்கில் வெயில் ஏறும்போது பழுக்கும் பிளம்.
புளிக்கும் என்றாள், உப்பு இல்லாமல் இறங்காது என்றாள்,
தின்னாமலே எங்களுக்குப் பல் கூசியது.

அன்றைக்கு வெளிச்சக்குண்டுகள் மூன்று
குடை பிடித்துக்கொண்டு இறங்கின.
தகரத்தில் அவரைவிதை கொட்டிய சத்தம்.
படுத்தோம். எழுந்தோம்.
மன்னும் எழுந்தாள்,
கூடையை இடுப்பில் ஏற்றினாள்,
பதினைந்து எட்டு நடந்து மண்ணைக் கொட்டி
வெறுங்காலால் மிதித்துச் சமப்படுத்தி
உட்கார்ந்தாள்.
சோம்பேறி என்று திட்டினேன். நான்தான் திட்டினேன்.
தொவா சட்டையை விலக்கித் தேடினாள்.
அக்குளுக்குக் கீழே ஒரு புள்ளி,
கொசு கடித்த அளவு.
துடைக்கக்கூட ரத்தம் இல்லை.

லாரிகள் விளக்கை அணைத்துக் காத்திருந்தன.
பள்ளத்தின் விளிம்பு தெரிய
வெள்ளைப் பாராசூட் துணியைப் போர்த்திக்கொண்டு
ஒருத்தி நிற்க வேண்டும்.
அன்று மன்னின் முறை.
நான் நின்றேன்.
அவள் முறை என்று தெரிந்த ஓட்டுநர்கள்
இருட்டில், ஒருவர் விடாமல்,
"மன், பத்திரம்" என்று சொல்லிக் கடந்தார்கள்.
சரி, சரி என்றேன்.

விடியுமுன் எழுதினேன்:
தொள்ளாயிரத்து முப்பத்தாறு கூடை.
கடைசியாக அவள் கொட்டியதும் அதில் சேர்த்தி.
கழித்தால்
சாலையில் ஒரு கூடைக்குப் பள்ளம் விழும் என்று தோன்றியது.

இப்போது தார்.
நாற்பத்தேழாம் கிலோமீட்டரில் அகலப்படுத்துகிறார்கள்.
பொக்லைன் நிற்கிறது, சிவப்புக் கொடி நட்டிருக்கிறது,
நீலச் சட்டைப் பையன்கள் காதில் கருவி மாட்டி
சாண் சாணாகத் தரையை ஒட்டுக்கேட்கிறார்கள்.
அரை மணி நேரமாவது ஆகும் என்கிறார் நடத்துநர்.
பக்கத்து இருக்கைக்காரி கொய்யா அறுத்து,
மிளகாய் உப்புத் தடவி நீட்டுகிறாள்.
வாங்கிக்கொள்கிறேன். எனக்குப் பிடிக்கும்,
எப்போதும் பிடித்துத்தான் இருந்தது.
விதைகளை மட்டும்
நாக்கால் ஒதுக்கிக் கைக்குட்டையில் துப்பி
எண்ணாமல் இருக்கப் பார்க்கிறேன்.