ஜாம் ஜாடியில் பதினேழு

கல்லா மேசைமேல் ஜாடியை வைத்தார் வின்ஸ்லோ கார்கம்.
புளூபெர்ரி ஜாம் இருந்த ஜாடி.
லேபிளைச் சுரண்டத் தொடங்கிப் பாதியில் விட்டிருக்கிறார்.
உள்ளே இரண்டு விரற்கடை சாராயம்.
அடியில் பதினேழு உண்ணிகள்.
"சனிக்கிழமையிலிருந்து" என்றார்.

சில எள்ளளவு.
சில குடித்து முடித்தவை,
ஆமணக்கு விதைபோல் சாம்பல் பூத்துப் பளபளத்தன.
எல்லாம் டோரியின் ரத்தம்.
என் தவறு போலவே என்னைப் பார்த்தார்.

டாக்டர் உள்ளே யாருடைய பூனைக்கோ பல் பிடுங்கிக்கொண்டிருந்தார்.
மருந்து அலமாரிக்கு நான்தான்.
வெளியே லூனன்பர்க் சாலையோரம்
கடைசிப் பனி அழுக்குத் துணியாகக் கிடந்தது.
நான்கு டிகிரி போதும் அவற்றுக்கு.
புல் நுனியில் ஏறி
முன்னங்கால்களை நீட்டி
பஸ்ஸுக்குக் கை காட்டுகிறவர்கள்போல் நிற்கும்.
எந்த பஸ்ஸானாலும் சரி.

மாத்திரை தரட்டுமா என்றேன்.
மாட்டிறைச்சி வாசனை,
ஒன்றை விழுங்கினால் மூன்று மாதம்,
ஸ்காலப் படகில் பன்னிரண்டு நாள் போய்விடுகிறவருக்குச் சௌகரியம்.
அவர் தொப்பியைக் கழற்றினார்.
"பிப்ரவரியில் வலிப்பு வந்தது. இரண்டு தடவை.
சமையலறைத் தரையில்.
தலைக்கு அடியில் என் பூட்ஸை வைத்தேன்.
கைக்கு எட்டியது அதுதான்."
பெட்டிக்குள் எட்டாக மடித்த காகிதத்தில்
வலிப்பு என்ற சொல் எந்த வரியில் வருகிறதென்று எனக்குத் தெரியும்.
பெட்டியை எடுத்த இடத்தில் வைத்தேன்.

சொட்டு மருந்து.
தோள்களுக்கு நடுவே மயிரை விலக்கித் தோலில் விடவேண்டும்.
"வீட்டில் பூனை உண்டா?"
உண்டு. பெயர் ஹாடக்.
டோரியின் வயிற்றுச் சூட்டில்தான் தூக்கம்.
தூங்குமுன் அவள் கழுத்தை நக்கிக் கொடுப்பது வழக்கம்,
ஒரு நாளும் தவறியதில்லை.
"அப்படியானால் இது நாயைக் காப்பாற்றும்,
பூனையைக் கொன்றுவிடலாம்" என்றேன்.
இதை இவ்வளவு மொட்டையாக நான் யாரிடமும் சொன்னதில்லை.

மிஞ்சியது கழுத்துப் பட்டை. எட்டு மாதம் என்று போட்டிருக்கிறது.
"நீந்துவாளா?"
அப்போதுதான் சிரித்தார்.
படகு கிளம்பினால் துறையிலிருந்து குதிப்பாளாம்,
மிதவை மணி வரைக்கும் பின்னாலேயே வருவாளாம்,
மகள் அர்லீன் கரையில் நின்று விசிலடித்துச் சலிப்பாளாம்.
உப்புத் தண்ணீர் பட்டையைத் தின்னும்.
எட்டு ஐந்தாகும். சிலசமயம் ஐந்தும் இல்லை.

விலை கேட்கவே இல்லை அவர்.
எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.
ஒன்றுக்குக் குறுக்கே மூளை,
ஒன்றுக்குப் பூனை,
ஒன்றுக்குக் கடல்.

"உன் நாய்க்கு நீ என்ன போடுவாய்?"

எனக்கு நாய் இல்லை.
செப்டம்பர் வரை இருந்தது.
முதலில் ஒரு கால் நொண்டியது, பிறகு சிறுநீரகம்.
கண்ணுக்குத் தெரியாத ஒன்று
எங்கோ காதுமடலின் பின்னே இருந்திருக்கவேண்டும்.
அந்தக் கோடை முழுக்க
நாளைக்கு வாங்கலாம் என்றிருந்தேன்,
இந்த அலமாரியின் முன்னால் நின்றுகொண்டு.

"பட்டை" என்றேன். "பட்டையும் விரலும்."

டாக்டர் கையுறையோடு எட்டிப் பார்த்து
ஐந்தாம் மாதமே மாற்றச் சொன்னார்.
தினமும் சீவ வேண்டும்,
காதுக்குள், கக்கத்தில், விரலிடுக்கில்.
வேலியோரப் புல்லையும் வெட்ட வேண்டும்.
அவர் பட்டை ஒன்று, பல்நெருங்கிய சீப்பு ஒன்று,
உண்ணி கழற்றும் பச்சைக் கொக்கி இரண்டு வாங்கினார்.
இரண்டாவது அர்லீனுக்கு,
அவர் கடலில் இருக்கும் நாட்களுக்கு.

ஜாடி மேசைமேலேயே இருந்தது.
மறந்தாரா, விட்டுப்போனாரா, தெரியவில்லை.
அன்றிரவு படுக்கையில்
என் முழங்காலின் பின்பக்கத்தை
மூன்று தடவை தடவிப் பார்த்தேன்.

மே கடைசியில் இன்னொரு ஜாடி வந்தது.
கடுகு ஜாடி இந்தத் தடவை.
"மூன்றா?"
"மூன்றுதான். அதிலும் ஒன்று என்னுடையது" என்று
கால்சட்டையைத் தட்டிக் காட்டினார்.
ஜன்னலுக்கு வெளியே அவர் வண்டி.
முன் இருக்கையில் டோரி,
பட்டையோடு,
சொட்டச் சொட்ட நனைந்து.