பச்சைத் தார்ப்பாய்

மார்ச் முடிவதற்குள் முடித்தாக வேண்டும்.
மே மாத வெயில் உறைத்தால்
கட்டைக்குள் தூங்கும் வண்டு கிளம்பிவிடும்,
மூச்சுத்துளை நிறையப் புழுக்களோடு.

போஹாங்குக்குத் தெற்கே இந்தச் சரிவில்
எனக்குச் சிவப்பு நாடா வேலை.
ஊசியிலைகள்
நனைந்து மடிந்த குடைக் கம்பிகள்போல்
தொங்குகிற பைன் மரமாகப் பார்த்துக் கட்டுவேன்.
பின்னாலேயே டால்ஹோ ரம்பத்தோடு வருவார்.

புழு ஒரு மில்லிமீட்டர்.
நீர் ஏறும் வழியை அடைத்துவிடுகிறது.
ஈரமண்ணில் நின்றபடி
தாகத்தில் சாகிறது மரம்.

துண்டு போட்டு, அடுக்கி, மருந்து ஊற்றி,
பச்சைத் தார்ப்பாய் போர்த்தி,
ஓரமெல்லாம் மண் அள்ளிப் போட்டு,
மேலே வெள்ளைப் பெயிண்டில் எண், தேதி.
எதிர்மலையிலிருந்து பார்த்தால்
இங்கே ஏற்கெனவே இருக்கும் சமாதி மேடுகள்
காய்ந்த புல்லோடு பழுப்பாக;
எங்கள் மேடுகள் மட்டும்
குளிரிலும் பச்சையாக.

மதியம் ஹேசுக் ட்ரோனை இறக்கினாள்.
திரையில் சிவப்புப் புள்ளிகள்,
கொட்டிய மிளகாய் விதை மாதிரி ஒரே இடத்தில்.
ஒன்று மட்டும்
பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி
ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில்.

"இந்த வண்டுக்கு
அவ்வளவு தூரம் இறக்கை ஏது?" என்றாள்.

நான் தெர்மாஸைத் திறந்தேன்.
மூடினேன்.

அது மச்சான் இன்பேயின் வீடு.
முந்தின குளிர்காலம், ஜனவரி ஒன்பது,
அடுப்புக்கு விறகில்லை என்று போன் செய்தான்.
ஏழு கட்டை. என் லாரி.
சோதனைச் சாவடியில்
வனத்துறைத் தொப்பியைப் பார்த்ததும்
போ என்று கைகாட்டினார்கள்.
கட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துத்தான் ஏற்றினேன்,
ஒரு துளைகூட இல்லை.
உள்ளே இருந்தது வெளியே போன பிறகுதான்
துளை என்று ஒன்று இருக்கும்.

மறுநாள் அந்தக் கொல்லைப்புறத்தில்
நாடா கட்டினேன்.
சுற்றி நின்ற பதினொரு பைன்களுக்கும்
அடிமரத்தில் துளையிட்டு ஊசி போட்டார்கள்,
காய்ச்சல் வார்டு மாதிரி
ஒவ்வொன்றிலும் ஒரு குப்பி.
இன்பே பேப்பர் கப்பில் காபி கொண்டுவந்தான்.
அரசாங்கத்தைத் திட்டினான்.
"எங்கிருந்துதான் வந்து தொலைத்ததோ?"
என்னைப் பார்த்தா கேட்டான்,
மரத்தைப் பார்த்தா, தெரியவில்லை.
காபியில் சர்க்கரை அதிகம்.
முழுவதையும் குடித்தேன்.

மரம் விழுந்தபோது
அவன் வீட்டு நாய் மட்டும் குரைத்தது.
அடுக்கினோம். ஊற்றினோம். போர்த்தினோம்.
டால்ஹோ பிரஷை என்னிடம் நீட்டினார்.
எண் எழுதினேன்.
தேதி எழுதினேன்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
எழுத்துக்கூட்டிப் படித்தார்.
"ஜனவரி ஒன்பதா?
இன்றைக்கு மார்ச்சப்பா. வருஷமும் தப்பு."

பெயிண்ட் காய்வதற்குள் துடைக்க
துணி தேடிக்கொண்டு
லாரிப் பக்கம் போனார்.