வராததற்குக் காரணம்

வேல்ஸ் மலையடிவாரம். மொத்தம் பதினோரு பிள்ளைகள்.
அலமாரிக்கு அடியில், எலி கடித்த ஓரங்களோடு
நூறு வருடத்துக்கு முந்தைய வருகைப் பதிவேடு.

உள்ளூர் வரலாறு என்றால்
கோட்டை, வாள், யாராவது ஒரு ராஜா
என்று காத்திருந்தான் எம்ரிஸ்.
கிடைத்ததெல்லாம் வராதவர்கள்.

வரவில்லை: புல் அறுப்பு.
வரவில்லை: கக்குவான்.
வரவில்லை: வீட்டில் ஒரே ஜோடி பூட்ஸ், இன்று அண்ணன் முறை.
வரவில்லை: மழை.

“மழையெல்லாம் ஒரு காரணமா டீச்சர்?”
தலையாட்டித் தொலைத்தேன்.

மெரெரிட் மட்டும் சிரிக்கவில்லை.
விரல் ஒரு பெயரில் நின்றிருந்தது.
கெய்ன்வென், வயது ஏழு.
பிப்ரவரி பன்னிரண்டிலிருந்து வெறும் கட்டங்கள்.
காரணம் எழுதவில்லை
என் நாற்காலியில் அன்று இருந்தவர்.

“ஊர் மாறியிருப்பாள்” என்றான் ஒருவன், அவசரமாக.
ஜன்னலுக்கு வெளியே தேவாலயம்,
அதை ஒட்டிச் சாய்ந்த கற்கள்.
யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கண்காட்சி அட்டையில்
மெரெரிட் கட்டங்களை மட்டும் வரைந்தாள்,
ஸ்கேல் வைத்து, ஒவ்வொன்றாக,
மார்ச் முடியும்வரை.
மணி அடித்தும் எழவில்லை.

இன்று காலை
கல்குவாரிக்கு மேல் இருட்டிக்கொண்டு கொட்டுகிறது.
எம்ரிஸின் இடம் காலி.
கணினியின் பட்டியலில் இந்தக் காரணம் இல்லை.
பழைய பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து
தேதி போட்டு எழுதுகிறேன்:
மழை.